மைக்கம்மாவின் முப்பது நொடிகள்

பல் துலக்கி முடித்ததும் மைக்கம்மா பற்பசை அட்டையை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று வாசிக்கத் தொடங்குகிறார். முதலில் இருபது வயதுப் பெண்ணாக: "ஈறுகளுக்கு உறுதி, மூச்சுக்குப் புத்துணர்ச்சி." அடுத்து இரண்டு பிள்ளை பெற்ற தாயாக. அதற்கடுத்து மூக்கைச் சுருக்கிக்கொண்டு வங்கி அதிகாரியாக. கடைசியில் கன்னத்தைக் குழித்துக்கொண்டு எழுபது வயதுக் கிழவியாக. "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்ற வரி கிழவிக்கென்றே ஒதுக்கப்பட்டது. மாடிவீட்டுக்காரர்கள் குடிவந்த புதிதில், கீழே நாலைந்து பெண்கள் சேர்ந்து வசிக்கிறார்கள் போலிருக்கிறது, ஆனால் ஒருத்திகூட வெளியே வருவதில்லையே என்று பேசிக்கொண்டார்களாம்.

தொண்டைதான் அவருக்குச் சோறு. ஆகவே குளிர்ந்த தண்ணீர் ஆகாது, மிளகாய் நெடி ஆகாது, கோபம் ஆகவே ஆகாது. தெருவில் போகிற யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு முறை கை தட்டுவார். திரும்பிப் பார்க்காவிட்டால் விட்டுவிடுவார். "சம்பளத்துக்குப் பேசுற வாய் இது. சும்மா கத்தித் தேய்க்கிறதுக்கு இல்ல" என்பது அவர் கட்சி. வயது நாற்பத்தாறு. குள்ளமும் இல்லை, உயரமும் இல்லை. கூட்டத்தில் நின்றால் கண்ணில் படாத முகம். வாயைத் திறந்தால் மட்டும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசிப்பார்கள்.

கேட்ட குரல்தான். இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து நிலையத்தில், பயணச்சீட்டு வாங்கும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே உள்ள கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அறிவிப்பவர் அவர்தான். அவருடைய வீட்டுக்காரர் அதே நிலையத்திலிருந்து நெடுந்தூர வண்டி ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். மற்ற ஓட்டுநர்கள் வீட்டில் யார் ராஜ்ஜியம் என்று கிண்டலடித்தால் அவர் அசைய மாட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடியே ஆறு வருஷம் இவ சொன்ன இடத்துல வண்டிய நிறுத்தினவன் நான். எனக்கு என்ன புதுசாவா கஷ்டம்?"

கூண்டு வேலை காலையில் தொடங்கிப் பிற்பகலோடு முடிந்துவிடும். அதற்குமேல் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மைக்கம்மா சைக்கிள் கடையின் மாடியில் இருக்கும் ஒலிப்பதிவு அறைக்குப் போவார். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய சிறிய அறை அது. அதை நடத்துகிறவருக்குக் காது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால், பேசுகிறவருக்கு எந்தப் பல்லில் வலி என்று சொல்லிவிடுவார். "நேத்து சரியா தூங்கலையா? 'ழ'வுல தெரியுது" என்பார். துணிக்கடை, மருத்துவமனை, மெத்தை, வங்கி என்று எல்லாவற்றுக்கும் அங்கே மைக்கம்மாவின் குரல் பதிவாகியிருக்கிறது. "நீங்கள் வரிசையில் ஒன்பதாவதாக இருக்கிறீர்கள்" என்று தொலைபேசியில் சொல்லி ஊரையே காக்க வைப்பவரும் அவர்தான்.

தேர்தல் வந்தால் காதுக்கு அறுவடைக் காலம். முதலில் எதிர்க்கட்சிக்கு "மாற்றம் வேண்டும்" என்று பேசிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து ஆளுங்கட்சிக்கு "எதற்காக மாற்ற வேண்டும்" என்று மைக்கம்மா பேசுவார். இரண்டிலும் ஒரே அளவு நம்பிக்கை இருக்கும். இது எப்படி முடிகிறது என்று யாராவது கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருந்தது. "நான் குழாய். தண்ணி எந்தத் தொட்டியிலேர்ந்து வருதுன்னு குழாய் கேட்டுக்கிட்டா நிக்கும்?"

அந்த வருடத் தேர்தல் வேலைவாய்ப்பு என்ற ஒரே சொல்லில் சிக்கிக்கொண்டிருந்தது. ஊரில் பெரிய தொழிற்சாலை என்றால் பிஸ்கட் தொழிற்சாலைதான். நானூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். அங்கே முதல்முறையாகத் தொழிற்சங்கம் ஒன்று முளைக்கப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் உறுப்பினர் அட்டையில் கையெழுத்திட்டால் நிர்வாகம் சங்கத்தோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்பது சட்டம். அதாவது இருநூற்று ஏழு பேர். சங்கம் வந்தால் புதிய தொழிற்சாலைகள் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது என்று ஆளுங்கட்சி சொன்னது. சங்கத்துக்கு அப்பனே நாங்கள்தான் என்று எதிர்க்கட்சி சொன்னது. அட்டைகளைத் தூக்கிக்கொண்டு உண்மையில் ஆள் ஆளாகப் போய்ப் பேசியவர்களில் ஒருத்தி மைக்கம்மாவின் தங்கை.

தங்கை பதினோரு வயது இளையவள். தாய் போன பிறகு அவளுக்குத் தலைவாரிவிட்டு, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலில் பக்கத்தில் படுத்துக்கொண்டு வளர்த்தவர் மைக்கம்மாதான். அவருக்கென்று பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருக்கும் வீடு வேறு, தெரு ஒன்று. தங்கை ஒன்பது வருடமாகப் பிஸ்கட் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடித்து அடுக்கும் பிரிவில் இருக்கிறாள். பேச்சில் அக்காவுக்கு நேரெதிர். வேகமாகப் பேசுவாள், பாதி வாக்கியத்தை முழுங்குவாள், கோபம் வந்தால் குரல் கீச்சென்று போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் அவள் வந்திருந்தபோது, கைபேசியைத் திறக்க விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். திறக்கவில்லை. கடைசியில் ரகசிய எண்ணை அழுத்தினாள்.

"அட்டை தின்னுடுச்சுக்கா" என்று விரலைக் காட்டினாள். நுனிகள் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தன. "பெட்டி மடிச்சு மடிச்சு ரேகையே போச்சு. காலையில மெஷின்ல வெரல வெச்சா 'ஆள் இல்லை'ங்குது. ஆள் எதுக்க நிக்குறேன், ஆள் இல்லைங்குது. அஞ்சாவது தரம் எடுக்குறதுக்குள்ள லேட்டாயிடும். லேட்டுன்னா அரை நாள் போச்சு. எனக்கு மட்டும் இல்ல, எங்க வரிசையில பாதிப் பேருக்கு இப்படித்தான்."

"மேலதிகாரிகிட்டச் சொல்லலாம்ல?"

"ஒருத்தி சொன்னா விரல்ல எண்ணெய் தடவிக்கோன்னு அனுப்பிடுறாங்க. அதான் எல்லாரும் சேந்து சொல்லப் போறோம். நூத்து எண்பத்து மூணு அட்டை ஆயிடுச்சு."

"பாத்துடி. இருக்குற சோத்துல மண்ண அள்ளிப் போட்டுக்காத" என்றார் மைக்கம்மா. தங்கை சிரித்துவிட்டு டீயைக் குடித்தாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அந்தப் பதிவு. ஆளுங்கட்சிக்காக விளம்பரம் எழுதுகிறவர் தடித்த கண்ணாடி போட்ட, தன்மையாகப் பேசுகிற மனிதர். முப்பது நொடிக்கு எழுதி வந்திருந்தார். வேலையிழந்த தொழிலாளிப் பெண் ஒருத்தி பேசுவதாக வசனம். மைக்கம்மா இரண்டு முறை வாசித்தார். காது ஹெட்போனைக் கழற்றினார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்கு. 'நானும் ஒன்பது வருஷம் கஷ்டப்பட்டு உழைச்சேன்'னா யாரு நம்புவா? அதை எல்லாரும்தான் சொல்றாங்க."

எழுதியவர் பேனாவைத் திறந்து யோசித்தார். மைக்கம்மா மைக்குக்குப் பக்கத்தில் நின்றபடி, "இப்படிச் சொல்லிப் பாக்கட்டுமா" என்று கேட்டார். குரலைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டார். "பெட்டி மடிச்சு மடிச்சு என் விரல்ல ரேகையே போச்சு. அட்டை தின்னுடுச்சு."

எழுதியவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "அம்மா, இதை நான் எழுதியிருக்கணும்" என்றார். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. மைக்கம்மாவின் முகம் மலர்ந்தது. பதிவானது இதுதான்:

"என் பேரு முக்கியமில்லீங்க. நானும் உங்கள மாதிரி தொழிலாளிதான். பெட்டி மடிச்சு மடிச்சு என் விரல்ல ரேகையே போச்சு. அட்டை தின்னுடுச்சு. அப்பதான் பக்கத்து ஊர்ல எங்க கம்பெனிக்குச் சங்கம் வந்துச்சு. கேட்டுல கொடி ஏறுச்சு. ஆறே மாசத்துல அதே கேட்டுல பூட்டு ஏறுச்சு. ஏம்மா நீ வேலைக்குப் போகலன்னு பிள்ளைங்க கேக்குது. நான் என்ன சொல்ல? உங்களுக்கு வேண்டியது கொடியா, வேலையா?" பிறகு ஆண் குரல் ஒன்று, "வேலைக்கே நம் வாக்கு" என்று முடிக்கும்.

வானொலியில் வந்தது. கைபேசிகளில் வந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்களில் தெருத்தெருவாக வந்தது. மைக்கம்மாவுக்கு அந்த நாலைந்து நாள் தரையில் கால் பாவவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. பேருந்து நிலையத்தில் பழம் விற்கும் பெண்மணி, "யாரோ பாவம், கேக்குறப்பவே கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்று அவரிடமே சொன்னார். மைக்கம்மா, "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு, ஒரு பழம் கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார். தங்கையைப் பற்றிய நினைப்பு வராமல் இல்லை. ஆனால் வேலை வேறு, வீடு வேறு என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஆறாம் நாள் அந்த ஆட்டோ, பிஸ்கட் தொழிற்சாலை வாசலில், வேலை முடிந்து ஆட்கள் மாறுகிற இரண்டு மணிக்குப் போய் நின்றது. மறுநாள் தங்கை விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்தக் கூண்டுக்கு வந்ததே இல்லை. கண்ணாடியில் பேசுவதற்காக வைத்திருக்கும் சிறிய வட்டத் துளைக்கு முன்னால் வந்து குனிந்தாள்.

"அது நீதானேக்கா?"

மைக்கம்மா மைக்கின் பொத்தானை அணைத்தார். "வேலைடி. எழுதிக் குடுத்தாங்க, பேசினேன். போன மாசம் அந்தக் கட்சிக்கும்தான் பேசினேன்."

"எழுதிக் குடுத்தாங்களா? ரேகையையும் அவங்களா எழுதிக் குடுத்தாங்க?"

ஏழாம் நடைமேடையில் வண்டி வந்து நின்றது. அறிவித்தாக வேண்டும். மைக்கம்மா பொத்தானை அழுத்தி, வண்டி எண்ணையும் அது போகும் வழியையும் இரண்டு முறை சொன்னார். ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி வந்தது.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். "பாத்தியா, உனக்குக் குரல் நடுங்கவே இல்ல" என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். வாசலில் எல்லாரும் நின்று கேட்டார்களாம். கேட்டதும் அவளைத் திரும்பிப் பார்த்தார்களாம். ஏனென்றால் ரேகையை அட்டை தின்ற கதையை ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னவளே அவள்தான். அந்தக் குரல் யாருடையது என்றும் இரண்டொருவருக்குத் தெரியும். "அக்கா அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம். ரெண்டு பக்கமும் கல்லா கட்டுறீங்களா" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள். அன்றைக்கே முப்பத்தொரு பேர் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

"குரல் உன்னோடது. யாருக்கு வேணா குடு, நான் யாரு கேக்குறதுக்கு? விரல் என்னோடதுக்கா."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு வரவில்லை, அழைக்கவுமில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் குனிந்துகொண்டு போனாள். மைக்கம்மா ஒரு முறை கை தட்டிப் பார்த்தார். இரண்டாவது முறை தட்டக் கை எழவில்லை.

காதிடம் போய், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். "போன அம்பும் பேசின பேச்சும் திரும்பாது. இதுல விளம்பரம் வேறயா?" என்றார் காது. எழுதியவரிடம் தொலைபேசியில், பூட்டு ஏறிய அந்தத் தொழிற்சாலை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டார். அவர் கொஞ்சம் தயங்கி, "பக்கத்து ஊர்னு பொதுவா எழுதினதும்மா. எந்த ஊர்ல கேட்டாலும் அதுக்குப் பக்கத்துல ஒரு ஊர் இருக்கும்ல" என்றார். மைக்கம்மா தொலைபேசியை வைத்துவிட்டார். மறுநாள் காலை பற்பசை அட்டையைக் கையில் எடுத்தார், வாசிக்காமலேயே வைத்துவிட்டார்.

விஷயம் எப்படியோ எதிர்க்கட்சிக்கு எட்டிவிட்டது. இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். அவர்களும் முப்பது நொடிக்கு எழுதியே கொண்டுவந்திருந்தார்கள். அதே குரலில் மறுப்பு. மைக்கம்மா தாளை வாங்கி வாசித்தார். "என்னை மிரட்டிப் பேச வைத்தார்கள்" என்று தொடங்கியது.

"யாரும் மிரட்டலீங்களே. டீ வாங்கிக் குடுத்தாங்க" என்றார்.

வந்தவர்களில் மூத்தவர் சிரித்தார். "ஒரு வேகத்துக்குத்தானம்மா. மக்களுக்கு அப்பதான் ஏறும்."

மைக்கம்மா தாளை மடித்து அவரிடமே கொடுத்தார். "அங்க ஒருத்தியா இருந்தேன். இங்க இன்னொருத்தியா இருக்கச் சொல்றீங்க. ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதுங்க."

அந்த வாரம் வண்டியை விட்டுவிட்டு வந்த வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் அறிவுரை சொல்லுகிற ஆள் இல்லை. காலுறையைக் கழற்றிக்கொண்டே, "ஏழாம் நடைமேடைன்னு சொல்லிட்டே. வண்டி அஞ்சுல நிக்குது. என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"திருத்தி அறிவிப்பேன்."

"எங்கேர்ந்து?"

"எங்க தப்பாச் சொன்னேனோ அங்கேர்ந்துதான்."

"ம்" என்றார் ஓட்டுநர். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை, கூண்டுக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு மணிக்கு மைக்கம்மா பிஸ்கட் தொழிற்சாலை வாசலில் இருந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. காற்றில் வெண்ணெயும் சர்க்கரையும் வேகிற வாசனை. உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களுமாக இருநூறு பெண்கள். தலையில் வலைத்தொப்பி, கையில் சாப்பாட்டுப் பை. கொஞ்சம் தள்ளித் தங்கை, கையில் உறுப்பினர் அட்டைகளோடு நின்றிருந்தாள். அவளிடம் யாரும் நிற்கவில்லை. அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மைக்கம்மா பேருந்து நிழற்குடையின் சிமெண்டுப் பலகைமேல் ஏறி நின்றார். வீட்டில் ஏழெட்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். ஆனால் எந்தக் குரலில் சொல்வது என்பதை முடிவு செய்யவில்லை. தாயின் குரலா, அதிகாரியின் குரலா? மைக் இல்லாமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசியதும் இல்லை. வாயைத் திறந்தார். "பயணிகளின் கவனத்திற்கு" என்று வந்துவிட்டது.

குபீரென்று ஒரு சிரிப்பு. போய்க்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள். "அந்த பஸ் ஸ்டாண்டு அம்மாடி" என்று யாரோ சொன்னார்கள். மைக்கம்மாவின் காது மடல்கள் சிவந்துவிட்டன. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆட்டோவுல பேசுறது நான்தான்" என்றார். கரகரப்பான, சற்றே மூச்சு வாங்குகிற குரல். அவரே அதிகம் கேட்டிராத குரல். "நான் பக்கத்து ஊர்ல வேலை பாத்ததில்ல. எந்த ஃபேக்டரிக்குள்ளயும் கால் வெச்சதில்ல. பூட்டு ஏறுச்சுன்னு சொன்னேன். எந்த கேட்டுன்னு எனக்குத் தெரியாது. எழுதினவருக்கும் தெரியாது, கேட்டுப் பாத்துட்டேன். பிள்ளைங்க கேக்குதுன்னு சொன்னேன். எனக்குப் பிள்ளையே இல்ல. அதுல ஒரே ஒரு வரிதான் நிஜம். அந்த ரேகை. அது என் தங்கச்சி என்கிட்ட மனசு விட்டுச் சொன்னது. அவளக் கேக்காம நான் எடுத்துக் குடுத்தேன். அவளுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

முன்வரிசையில் கை கட்டி நின்றிருந்த, அடுப்புப் பிரிவில் வேலை செய்யும் கனத்த பெண்மணி கேட்டார்: "அப்போ அந்த அழுகை?"

"அது எனக்கு வரும்மா. தொழில்."

"நல்ல தொழில்தான். சரி, சங்கத்துல சேரலாமா, வேணாமா? அதச் சொல்லு."

"அது எனக்குத் தெரியாது. உள்ள வேலை செய்யிறது நீங்க."

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்தது. வாசலில் இவ்வளவு கூட்டம் தனக்காகத்தான் என்று நினைத்தாரோ என்னவோ, ஓட்டி வந்தவர் வண்டியை ஓரம் கட்டி, ஒலியைக் கூட்டி வைத்தார். "என் பேரு முக்கியமில்லீங்க" என்று மைக்கம்மாவின் குரல் தெருவை நிறைத்தது. பலகைமேல் நின்றிருந்த மைக்கம்மாவின் குரல் அதற்கடியில் மூழ்கிப் போயிற்று. கத்திப் பழக்கமில்லாதவர். இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். சில பெண்கள் கிளம்பத் தொடங்கினார்கள்.

மைக்கம்மா இரண்டு முறை பலமாகக் கை தட்டினார். கிளம்பியவர்கள் திரும்பினார்கள். அவர் ஒலிபெருக்கியைச் சுட்டிக் காட்டி, பாடம் நடத்துகிறவர் போல விரலை உயர்த்தினார்.

"கேளுங்க. இப்ப 'கொடி ஏறுச்சு'ன்னு வரும். அதுக்கப்புறம் எச்சில் முழுங்குவேன்."

ஒலிபெருக்கி கொடி ஏறியதைச் சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கியது.

"இப்ப 'பிள்ளைங்க கேக்குது'ன்னு சொல்லிட்டு மூச்சை இழுப்பேன். ஒண்ணு, ரெண்டு."

ஒலிபெருக்கி மூச்சை இழுத்தது. எங்கிருந்தோ ஒரு சிரிப்புக் கிளம்பியது.

"இப்ப 'சொல்ல'ங்குற எடத்துல குரல் ஒடையும் பாருங்க."

"நான் என்ன சொல்ல" என்று ஒலிபெருக்கியின் குரல், சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்கு உடைந்தது. அவ்வளவுதான். வாசல் முழுக்கச் சிரிப்பு. அடுப்புப் பிரிவுப் பெண்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்தவள்மேல் சாய்ந்தார். விளம்பரம் முடிந்து மறுபடி தொடங்கியதும், நாலைந்து பேர் சேர்ந்து எச்சில் விழுங்கினார்கள். மூன்றாவது முறை ஐம்பது பேர் சேர்ந்து மூச்சை இழுத்தார்கள். ஆட்டோக்காரர் ஒன்றும் புரியாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த விளம்பரம் தொழிற்சாலைக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. யாராவது விடுப்புக் கேட்கப் போனால்கூட, மற்றவர்கள் பின்னாலிருந்து "மூச்சை இழு" என்று சொல்லி அனுப்பினார்கள்.

தங்கை சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. அட்டைகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்று பார்த்தாள்.

இதனால் உலகம் தலைகீழாக மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த விளம்பரத்துக்கு உரிய வேட்பாளர் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். பிஸ்கட் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே ஊர் பெரியது. அங்கெல்லாம் அந்தக் குரல் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. பழக்காரப் பெண்மணியிடம் உண்மையைச் சொன்னபோது, "நெசமோ பொய்யோ, எனக்கு அழுகை வந்துச்சே" என்று அவர் வருத்தப்பட்டார். மைக்கம்மா எதிர்க்கட்சியிடம் வாங்கிக்கொண்டு மாறிவிட்டார் என்றும் பேச்சு கிளம்பியது. அதை அவர் மறுக்கப் போகவில்லை. "மறுத்தா அதுக்கும் ஒரு முப்பது நொடி எழுதிட்டு வருவாங்க" என்றார்.

காது நேரில் வந்து சொன்னார். "உன்னக் கூப்பிட்டா விளம்பரம் குடுக்குறவங்க என்னக் கூப்பிட மாட்டேங்குறாங்க. என்ன பண்ணட்டும்?" மைக்கம்மா அவர்மேல் கோபப்படவில்லை. ஐந்து மாதம் கழித்து, மெத்தைக் கடைக்காக ஒரு நாள் காதே கூப்பிட்டார். அன்றிலிருந்து மைக்கம்மாவிடம் ஒரு புதிய வழக்கம் சேர்ந்திருக்கிறது. தாளைக் கொடுத்ததும் எழுதியவரைப் பார்த்து, "யாரு இவ?" என்று கேட்கிறார். "எந்த ஊரு? மெய்யாவே முதுகு வலியா இவளுக்கு?" பதில் சொல்ல முடியாமல் இரண்டு பேர் வேறு குரலைத் தேடிப் போய்விட்டார்கள். காது ஹெட்போனுக்குள் பெருமூச்சு விடுகிறார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் திரும்ப வந்து கையெழுத்திட்டார்கள். மற்றவர்கள் வரவே இல்லை. புதியவர்களைச் சேர்க்கத் தங்கை மறுபடியும் ஆள் ஆளாக, வரிசை வரிசையாகப் போனாள். மழைக்காலம் முடிந்தபோது இருநூற்றுப் பதினொன்று ஆயிற்று. நிர்வாகம் வேறு வழியில்லாமல் கூப்பிட்டு உட்கார வைத்தது. முதல் நாள் பேச்சில் முதல் கோரிக்கையே கைரேகை இயந்திரம்தான். இப்போது வாசலில் பழையபடி நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் செய்தியைச் சொல்லத் தங்கை வந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "டீ இருக்கா" என்று கேட்டாள். மைக்கம்மா அடுப்பைப் பற்ற வைத்தார். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "கூட்டத்துக்கு வா. சும்மா வந்து உக்காரு" என்றாள் தங்கை.

சங்கத்தின் முதல் பொதுக்கூட்டம் ஒரு வாடகை மண்டபத்தில், காலை பத்து மணிக்கு நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுழலும் மின்விசிறிகள், பிள்ளைகளோடு வந்த தாய்மார்கள். மைக்கம்மா கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். செயலாளராகியிருந்த தங்கை அறிக்கை வாசிக்க எழுந்து போனாள். அவளுக்கு முன் பேசியவர் நெட்டையான மனிதர். மைக் அவர் வாய்க்கு நின்றது. தங்கை நெற்றிக்கு மேலே இருந்த மைக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேச, ஒலிபெருக்கி கூவென்று அலறியது. முதல் வாக்கியத்திலேயே குரல் கீச்சிட்டு நின்றுவிட்டது.

"மைக்கம்மா, நீங்க வாசிங்க" என்றார் அடுப்புப் பிரிவுப் பெண்மணி. நாலு பக்கமும் அதையே சொன்னார்கள். தங்கையும் காகிதத்தை அக்காவை நோக்கி நீட்டினாள்.

மைக்கம்மா எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடைக்குப் போனார். நீட்டிய காகிதத்தை வாங்கவில்லை. மைக் தண்டின் திருகைத் தளர்த்தி, சரசரவென்று இறக்கி, தங்கையின் உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவே நாலு விரல் வைத்து இடைவெளி பார்த்தார். திருகை இறுக்கினார். திரும்பி நடந்து, கடைசி வரிசையில் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.